சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்த கதை

எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த வருஷம் ஒன்று உண்டு. பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால்கூடச் சொல்வார்கள். மறுகால் தண்ணீர் சுடுகாட்டுக் கொட்டகை வரைக்கும் போய், அங்கே கெளுத்தி மீன் துள்ளியது. சுடுகாட்டு மீனைத் தின்னக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி முடிவு பண்ணினோம். (மறுநா காலைல எந்தத் தெருப் பக்கம் போனாலும் மீன் கொழம்பு வாசம். எங்க வீட்டுலயுந்தேன்.) அதற்கு அடுத்த வருஷம்தான் நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். இல்லை, நன்றாகச் சிரியுங்கள். 'செய்யாதீர்கள், செய்யாதீர்கள்' என்று சொல்லித்தான் நான் கெட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நான் இருந்ததைவிட அதன் வேலி ஓரத்தில் ஆடு மேய்த்ததே அதிகம். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் போர்டு வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அப்படிப்பட்டவனுக்கு எதற்கு ஸ்பானிஷ் என்றால், கடைசி மகள் தேன்மொழிக்காக. அவள் ஸ்பெயின் தேசத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே பாப்லோ என்று ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரி ராக்கம்மா கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடியே, "அந்தப் பய சோறு திம்பானாமா?" என்று கேட்டாள். தின்பான் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துச் சம்மதம் முடிந்தது.

சிக்கல் அந்தப் பக்கம். பாப்லோ ஒரே பிள்ளை. தாய் இல்லை. அப்பா ரமோன் ஆலிவ் தோப்பு வைத்திருக்கிற சம்சாரி. தாயில்லாப் பிள்ளையைத் தனியாக வளர்த்த மனுஷன். நாங்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று நேரில் வந்து பார்ப்பேன், இருந்து பழகுவேன், பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார். தேன்மொழி போனில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். "அப்பா, அவரு மனசு கோணுச்சுன்னா பாப்லோ இந்தக் கல்யாணத்துக்கு நிக்க மாட்டாரு. நானும் நிக்கச் சொல்ல மாட்டேன். அவரைப் பத்திரமாப் பாத்துக்கங்க."

பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில் எங்களை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? சம்பந்தி வீட்டுக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு சட்டம்தான். அவர் கையால் ஒரு துரும்பைக்கூட எடுக்கவிடக்கூடாது. சொம்பைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்க வேண்டும். சாப்பிட்ட இலையை எடுக்கப்போனால் கையைப் பிடிக்க வேண்டும். எங்கள் அய்யா காலத்தில் ஒரு சம்பந்தி, அவசரத்தில், தானே கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகம் கழுவிவிட்டார். அந்த வருத்தத்தில் எங்கள் அய்யா அன்றைக்குச் சாப்பிடவில்லை. (அந்தச் சம்மந்தியும் சாப்பிடல. தப்புப் பண்ணிட்டமோன்னு அவருக்குப் பயம். வெச்ச ஆட்டுக்கறிய நாங்க சின்னப் பயலுகதேன் தின்னு தீத்தோம்.)

ஆகவே எனக்கு வேண்டியது 'செய்யாதீர்கள்' மட்டும்தான் என்று முடிவு பண்ணினேன். தேன்மொழி போனில் 'வாங்க', 'உட்காருங்க', 'சாப்பிடுங்க' என்று ஆரம்பித்தாள். அதெல்லாம் கையாலேயே ஆகிவிடும், நாற்காலியைக் காட்டினால் உட்கார்வார், சோற்றைக் காட்டினால் தின்பார் என்றேன். வேண்டாம் என்பதைக் கையை ஆட்டிச் சொன்னால்தான் கோழி விரட்டுகிற மாதிரி இருக்கும். சம்பந்திக்கு அது மரியாதை இல்லை. "அதுனால அந்த வேணாங்களை மட்டும் சொல்லு தாயி."

"அதுதேப்பா கஷ்டம். வேலையோட பேரு ஒரு மாதிரி இருக்கும். வேணாம்னு சொல்றப்ப வார்த்தையோட நடுவயிறு மாறும்."

எனக்குப் புரியவில்லை. அவளும் விடவில்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு அவர்கள் ரெகார் என்கிறார்கள். ஊற்றாதே என்றால் 'நோ ரியேகெஸ்'. பாத்திரம் கழுவுவது ஃப்ரெகார். கழுவாதே என்றால் 'நோ ஃப்ரியேகெஸ்'. நகர்த்துவது மோவேர். நகர்த்தாதே என்றால் 'நோ முவேவாஸ்'. அவள் சொல்லச் சொல்ல எனக்கு மாடுதான் தெரிந்தது. முன்னால் 'நோ' என்று ஒரு கொம்பு முளைக்கிறது, நடுவில் வயிறு உப்புகிறது, பின்னால் வாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. இது என்ன பாஷை, நம் தமிழில் எதற்குப் பின்னாலும் ஒரு 'ஆதே' போட்டால் முடிந்தது என்று பெருமை பேசினேன்.

"அப்டியா? 'வா'ன்னு சொல்றோம். வேணாம்னா 'வாகாதே'ன்னா சொல்றோம்? 'வராதே'ன்னுதான சொல்றோம்? நம்ம மாட்டுக்கும் வயிறு மாறுதுல்ல?"

எழுபது வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்று முழுக்க 'வா, வராதே, தா, தராதே' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள், 'நாம தண்ணி ஊத்த வேணாம்' என்று நம்மையும் சேர்த்துச் சொன்னால் வயிறு மாறாது என்றும் சொல்லித்தர வந்தாள். அது எனக்கு எதற்கு, நானும் சம்பந்தியும் சேர்ந்தா தண்ணீர் ஊற்றப்போகிறோம் என்று தள்ளிவிட்டேன்.

இன்னொரு சங்கடம். அங்கே சம்பந்திகள் ஒருவருக்கொருவர் நீ என்றே பேசிக்கொள்வார்களாம். அவள் சொல்லிக்கொடுத்ததும் அந்த நீதான். எனக்கு உடம்பு கூசியது. சம்பந்தியை நீ என்பதா? யோசித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டேன். நோ ரியேகெஸ்ங்க. நோ ஃப்ரியேகெஸ்ங்க. இப்போதுதான் வாயில் மரியாதையாக உட்கார்ந்தது.

ஆட்டிடம் சொல்லிப் பழகினேன். உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்திலிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன மந்திரம்யா அது, கண்ணு வலிக்குக் கேக்குமா?" என்றார். கேட்கும் என்று சொல்லிவிட்டேன். (அந்தம்மா கண்ணு இப்ப எப்டி இருக்கோ.)

தேன்மொழி, பாப்லோவோடு ரமோன் வந்து இறங்கினார். நான் ஏதோ வெள்ளையாய், வழவழப்பாய் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் கறுத்துச் சிவந்து, என்னைப் போலவே முழங்கையில் தழும்பும் நகத்தில் மண்ணுமாக இருந்தார். பிள்ளைகள் இருவரும் ஒரு நாள் எங்களோடு இருந்துவிட்டு, கல்யாணக் காகிதங்களுக்காகச் சென்னைக்குக் கிளம்பினார்கள். மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்றார்கள். அதுவரை சம்பந்தி என் பொறுப்பு. பாஷையை மாற்றிச் சொல்கிற செல்போன் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறேன் என்று தேன்மொழி நீட்டினாள்.

"போனை நடுவுல வெச்சுப் பேசுனா அது சம்மந்தமா, ஆத்தா? யாவாரம்ல. எனக்குத்தேன் பாஷை தெரியும்ல" என்றேன். ராக்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று காலை ரமோன் பின்பக்கம் போய், மல்லிகைச் செடிகளைத் தடவிப் பார்த்து, வாளியைத் தூக்கினார். நான் பாய்ந்து போய், "நோ ரியேகெஸ்ங்க" என்றேன். வாளியைக் கீழே வைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொன்னது புரிந்துவிட்டதே! இட்லி தின்றுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். "நோ ஃப்ரியேகெஸ்ங்க." தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கட்டிலை நிழலுக்கு இழுக்கப் பார்த்தார். "நோ முவேவாஸ்ங்க." விட்டுவிட்டார். பரீட்சையில் எல்லாவற்றுக்கும் மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி நான் வீட்டைச் சுற்றி வந்தேன்.

மத்தியானம் விதைக்கடலை உடைக்க எல்லோரும் முற்றத்தில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். பழங்காநத்தத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சினன் முத்தையாவும் சம்பந்தியைப் பார்க்க வந்திருந்தான். அவன் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. ரமோனும் வந்து, சம்மணம் போட்டு, ஒரு பிடி கடலையைக் கையில் எடுத்துவிட்டார். சம்பந்தி, தரையில், கூலியாள் மாதிரி! நான் எழுந்து, "நோ தே சியேந்தேஸ்ங்க" என்றேன். உட்காராதீர்கள் என்று அர்த்தம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகக் கடலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவருக்காகவே வாங்கிய புது நாற்காலியை உள்ளே காற்றாடிக்குக் கீழே போட்டு, அதில் உட்காரவைத்து, கதவை அகலத் திறந்துவைத்தேன். அங்கிருந்து எங்களை நன்றாகப் பார்க்கலாம்.

முத்தையா கடலையை வாயில் போட்டுக்கொண்டே, "மச்சான், அந்தாளு மூஞ்சியப் பாத்தீகளா? பொண்ணு பாக்க வந்த மாதிரி இல்ல. போலீஸ் டேசன்ல உக்கார வெச்ச மாதிரி இருக்கு" என்றான்.

"வெளிநாட்டு மூஞ்சி மாப்ள. அது இருக்குறதே அப்டித்தேன்."

மறுநாளும் இதே கதைதான். மேயப்போன மாட்டை ஓட்டிவரக் கிளம்பினார், மறித்தேன். துவைத்த சட்டையைக் கொடியில் போடப்போனார், பிடுங்கிப் போட்டேன். அப்புறம் அவர் எதையும் தொடவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். அய்யா பார்த்திருந்தால் என்னை மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

ராக்கம்மா உலுக்கி எழுப்பினாள். "நாக்காலி காலியாக் கிடக்கு. பெட்டியையும் காணோம். போங்க."

நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். வேகமாக நடந்தேன் என்றாலும் கொஞ்சம் பொய்தான். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. ரமோன் பெட்டியோடு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்வது தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தி நானும் தொற்றிக்கொண்டேன். அவர் முன்னால் போய் நின்றால், மூச்சு வாங்குகிறது. 'போகாதீர்கள்' என்பதை நான் கற்கவே இல்லை. எங்கள் வீட்டை விட்டு யார் போகப்போகிறார்கள் என்ற கொழுப்புதான். இருந்ததையெல்லாம் கொட்டினேன். "நோ ரியேகெஸ்ங்க, நோ ஃப்ரியேகெஸ்ங்க, நோ முவேவாஸ்ங்க, நோ தே சியேந்தேஸ்ங்க..."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் சீட்டை விட்டு எழுந்து நின்றுவிட்டார். பஸ்ஸில்கூட இவன் உட்காரவிடமாட்டேன் என்கிறானே என்று கண் கலங்கியிருந்தது. காலியான சீட்டில் ஒரு கூடைக்காரம்மா உடனே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "பெருசு, இவரு ஏறுனதுல இருந்து மதுரை மதுரைங்குறாரு. இது உசிலம்பட்டி வண்டி. என்னா விசயம், உங்க வீட்டுல எதும் சண்டையா?"

"அவரு எங்க சம்மந்தி" என்றேன். கண்டக்டர் எனக்கும் உசிலம்பட்டிக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உசிலம்பட்டியில் இறங்கியதும் என் பட்டன் போனில் தேன்மொழியைக் கூப்பிட்டு ரமோனிடம் நீட்டினேன். அவர் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"அப்பா, நேராப் பதில் சொல்லுங்க. அவர ஒண்ணையும் தொடவிடலையா?"

"சம்மந்திய எப்டித்தா வேலை பாக்க விடுறது?"

"அவரு சொல்றாரு, செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன், வேணாம்னாரு. நான் தின்ன தட்டைக் கழுவப் போனேன், வேணாம்னாரு. எல்லாரும் கீழ உக்காந்து சிரிச்சுப் பேசுறாக, நானும் உக்காந்தேன், உக்காராதேன்னு எந்திரிக்க வெச்சாரு. எங்க ஊர்ல வீட்டாளுன்னா கையில வேலையக் குடுப்பாக. நெலம் வாங்க வந்தவனைத்தேன் நாக்காலியில உக்கார வைப்பாக. என்னைப் பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லட்டும், மதுரைல ரூம் எடுத்து என் மகன் வார வரைக்கும் இருந்துக்கிறேன், அப்டிங்கிறாரு."

"பாப்லோ என்னத்தா சொல்றாரு?"

"ரயில்ல பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. கேட்டதுல இருந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காரு."

மகள் கல்யாணத்தை நானே, மரியாதை பண்ணியே, கெடுத்துவிட்டேன். எங்க ஊரு வழக்கமே அதுதான் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். சொல்கிறேன், ஆனால் வாயால் சொன்னால் மட்டும் ஆறாது என்றாள். "அவருக்கு ஒரு வேலை குடுங்கப்பா. ஒரே ஒரு வேலை."

இதுவரை ஏர் பிடித்திருக்கிறேன், பாம்பு கடித்த காளையைத் தோளில் சாய்த்து நடத்தியிருக்கிறேன். ஆனால் சம்பந்திக்கு வேலை கொடுப்பதைப்போலக் கஷ்டமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை. எதிரே மாட்டுத் தீவனக் கடை. ஒரு மூட்டை புண்ணாக்கு வாங்கினேன். (வீட்டுல ஏற்கனவே இருந்துச்சு.) மூட்டையின் ஒரு முனையைத் தூக்கி, தலையைக் குனிந்துகொண்டு, அவருக்காகக் காத்திருந்தேன். நிமிர எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மறுமுனை மேலே எழும்பியது.

பஸ் ஸ்டாண்டைக் குறுக்கே கடக்கும்போது தெரிந்த ஆள் ஒருத்தன் பார்த்துவிட்டான். "என்னாண்ணே, வெள்ளக்காரரைப் போய் மூட்டை தூக்க வெச்சிருக்கீக?" பஸ் ஸ்டாண்டே திரும்பியது. நான் செத்தேன். ரமோனோ, என் நடை தோதுப்படவில்லை என்று என்னை ஒதுக்கி, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டையை மொத்தமாகத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். 'நோ முவேவாஸ்ங்க' என் நுனிநாக்கு வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், இரண்டு நாள் காரம் தின்ன முடியவில்லை. அவர் முன்னால் போய்க்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சம்பந்தி தோளில் புண்ணாக்கு மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்ததைக் கண்டு ராக்கம்மா, "அடப் பாவி மனுசா" என்று என்னைத்தான் வைதாள். பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பாப்லோ அவர் பக்கத்தில் போய் ஏதோ கேட்டான். அவர் கூடையை நீட்டினார், அவனும் அள்ள ஆரம்பித்தான். தேன்மொழி என்னிடம் வந்து, "சரின்னுட்டாருப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

நிச்சயதார்த்தப் பந்தியில் சாம்பார் வாளியையும் அவரே தூக்கிவிட்டார். எங்கள் சனம், வயிறு நிறையாவிட்டாலும் மரியாதைக்குப் போதும் போதும் என்று இலைமேல் கையை வைக்கிற சனம். நாம் அதைத் தள்ளிவிட்டு ஊற்ற வேண்டும். அவரோ போதும் என்றால் போதும் என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். பாதிப் பேர் அரை வயிற்றோடு எழுந்தார்கள். அதை இன்றைக்கும் முத்தையா சொல்லிக்காட்டுவான். "மச்சான் சம்மந்திய வேலை வாங்குனதுல, பட்டினி கெடந்தது நாமதேன்."

எனக்கு ஊரில் 'நோங்க' என்று பேர் விழுந்துவிட்டது. ரேஷன் கடையில்கூட நோங்க வாராரு, வழி விடு என்கிறார்கள். அது போகட்டும். அங்கே ரமோன் ஊரில், சாப்பிட்டபின் யாராவது தட்டைத் தூக்கினால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 'நோ ஃப்ரியேகெஸ்ங்க' என்று சத்தம் போட்டுச் சிரிக்கிறார்களாம். அந்த 'ங்க' எதற்கு என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம்.

இப்போது ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். எங்கள் தொழுவத்துக் கூரை போன காற்றில் சரிந்துவிட்டது. நல்ல ஆள் கிடைக்கவில்லை. சம்பந்தி வந்தால் நாங்கள் இருவருமே ஏற்றிவிடுவோம். ஆனால் சம்பந்தியைக் கூப்பிட்டு, வேலை இருக்கிறது வாருங்கள் என்று என் வாயால் சொல்ல இன்னும் கூசுகிறது. ராக்கம்மாவும் சொல்லமாட்டாள். தேன்மொழியைச் சொல்லச் சொன்னால், 'உங்க வாயாலயே கேளுங்கப்பா' என்கிறாள். உங்களில் யாருக்காவது அந்தத் தேசத்துப் பக்கம் ஆள் இருந்தால், இந்தக் கதையைச் சொல்லி, அப்படியே அவர் காதுக்கும் எட்டவையுங்கள். கூரை சரிந்து கிடக்கிறது, வெரசாக வரச் சொன்னார் என்று. நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.